மயிலாவின் வயிறு தெரிந்த பங்குனி

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் மரியபுஷ்பம். என் மூத்த மருமகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஆடி மாதம், மூன்றாம் நாள் சாயங்காலம், ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்துச் சொன்னாள். அவள் அந்த வார்டைப் பெருக்கித் துடைக்கிறவள். மருமகள் சாப்பிடாமல் வைத்த இட்லியையும் பழத்தோலையும் ஒரு கவரில் போட்டு, ஈ மொய்க்காமல் இருக்கட்டுமே என்று நான் முடிச்சுப் போடப் போனேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அதைக் கட்டுறதுக்கு முன்னாடி எங்க தெருக் கதை ஒண்ணு கேக்குறீங்களா?" என்றாள். பேரப்பிள்ளைக்குக் காத்திருக்கிறவளுக்கு வேறென்ன வேலை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். கொஞ்சம் கூட்டியிருப்பேன், குறைத்திருக்க மாட்டேன்.

நிலக்கோட்டையில் பூ மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் இறங்கினால் ஏழுகன்னிமார் தெரு. மல்லிகை வாசமும் சாக்கடை வாசமும் அண்ணன் தம்பி மாதிரி அடித்துக்கொண்டும் கூடிக்கொண்டும் கிடக்கிற தெரு. அங்கே பவளக்கொடி என்று ஒருத்தி பூக்கட்டிப் பிழைத்தாள். அவள் புருஷன் வீரணன் ஷேர் ஆட்டோ ஓட்டினான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியும் அந்த வீட்டில் தொட்டில் கட்டவில்லை. கட்டாத தொட்டிலைப் பற்றி நாத்தனார் பேசினாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் பேசினாள், ஒரு முழம் பூ வாங்க வந்தவளும் பேசினாள். பவளக்கொடி மட்டும் பேசவில்லை. நாலாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, தெருமுனை வேப்பமரத்தடியில் ஏழு செங்கல்லாக நட்டு மஞ்சள் பூசி வைத்திருந்த கன்னிமாருக்கு முன்னால் போய் நின்று, "தாய்மாரே, நான் தினமும் ஒரு பசுவுக்குப் பசியாத்துறேன், நீங்க என் வயித்துல ஒரு உசிரைத் தங்க வைங்க" என்று நேர்ந்துகொண்டாள்.

அன்றையிலிருந்து தினமும் விடிந்ததும், முதல் நாள் மிஞ்சின சோற்றையும் காய்கறித் தோலையும் வாழைப்பழத் தோலையும் ஒரு கேரி பேக்கில் போடுவாள். நாய் கிழித்துவிடக் கூடாது, எறும்பு ஏறிவிடக் கூடாது, சாமிக்குக் கொண்டுபோகிற படையலை மூடித்தானே கொண்டுபோகிறோம் என்று நினைத்து, கவரின் இரண்டு காதையும் கோத்து, பூக்கட்டுகிற அதே வாகில் ஒரு சுற்றுச் சுற்றி, விரலுக்குள் மடித்து விட்டு, வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுப்பாள். அந்த முடிச்சு அவள் கைக்கு மட்டும் வருகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். பிச்சிப் பூ வாடி நாராகிப் போனாலும் அவள் கட்டின சரம் அவிழாது என்று மார்க்கெட்டில் பேர். முடிச்சு இறுகுகிற அந்த நொடியில் வாய்க்குள் சொல்லிக்கொள்வாள்: "இதுல ஒரு உசிரு தங்கட்டும் தாயே." சொல்லிவிட்டு, ரேஷன் கடை முன்னாலிருக்கிற விளக்குக் கம்பத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவாள். திரும்பிப் பார்த்தால் வேண்டுதல் பலிக்காது என்று யாரோ சொன்னதாக அவளுக்கு ஒரு நினைப்பு. அதனால் அந்தக் கவரை எது தின்றது, எப்படித் தின்றது என்று ஏழு வருஷமாக அவள் பார்த்ததேயில்லை.

தின்றது மயிலா. எதிர்வீட்டு அங்கம்மாளின் பசு. அந்த வேண்டுதல் ஆரம்பித்த வருஷம்தான் மூன்று மாதக் கன்றாக அது தெருவுக்கு வந்தது. கன்றாக இருந்தபோதே அதை அவிழ்த்து விட்டுப் பழக்கியிருந்த அங்கம்மாள், அது பால் கொடுக்க ஆரம்பித்த பிறகும் காலையில் கறந்து முடித்ததும் கயிற்றை அவிழ்த்து முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "போயி மேஞ்சுட்டு வாடி ராசாத்தி" என்று அனுப்பிவிடுவாள். மேய்வதற்கு அந்தத் தெருவில் புல் ஏது? பவளக்கொடி மட்டும்தானா கட்டிப் போட்டாள், தெருவே கட்டிப் போட்டது. மயிலாவுக்குக் கையா இருக்கிறது, பிரித்துத் தின்ன? சோற்று வாசம் உள்ளேயிருந்து வரும், கவரோடு நாக்கில் சுற்றி விழுங்கிவிடும்.

அது இரண்டாம் ஈற்றுக்குச் சினையாகி, பால் வற்றிக்கொண்டு வந்த பங்குனியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மயிலாவின் வயிறு தெரிய ஆரம்பித்தது.

முதலில் பார்த்தவள் தையல்காரி ஜெயராணி. பாலுக்குச் செம்பை நீட்டிக்கொண்டு நின்றவள், "அக்கா, மாட்டுக்கு வயிறு தெரியுது" என்றாள்.

"சினை மாட்டுக்கு வயிறு தெரியாம வாலா தெரியும்? செம்பைக் கீழ வை."

"அந்தத் தெரியுறது இல்லக்கா. உள்ளுக்குள்ள தெரியுது."

அங்கம்மாள் மடியிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தாள். விலா எலும்புக்குக் கீழே இடதுபக்கம் முழுக்க, துலக்கி வைத்த கண்ணாடித் தம்ளர் மாதிரி, கிணற்றில் வெயில் விழுந்து அடிமணல் தெரிகிற மாதிரி, தோல் தெளிந்து கிடந்தது. உள்ளே கவர். கவருக்கு மேல் கவர். அங்கம்மாள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. உனக்கு அரை லிட்டரா, கால் லிட்டரா?" என்றாள்.

அப்படித்தான் அந்தத் தெரு அதை எடுத்துக்கொண்டது. பைப்பில் தண்ணீர் வராத நாளுக்கு அடித்துக்கொண்ட அளவுக்குக்கூட அதற்கு அடித்துக்கொள்ளவில்லை. மயிலா வழக்கம்போல விளக்குக் கம்பத்தடியில் வந்து நின்றது, ரேஷன் கடைக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றபடியே அதன் வயிற்றுக்குள் பார்த்தார்கள், பார்த்துக் கொண்டே முன்னால் நகர்ந்தார்கள். அவரவர் வீட்டுக் கவரை அவரவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். மருந்துக்கடை வெள்ளைக் கவர், ஜவுளிக்கடை பச்சைக் கவர், மாப்பிள்ளை பேரும் பெண் பேரும் அச்சடித்த தாம்பூலக் கவர். "மொய்க்குப் பயந்துக்கிட்டு எங்க கல்யாணத்துக்கே வரலைன்னு சொன்னீகளே, உங்க வீட்டுக்குத் தாம்பூலக் கவர் மட்டும் தன்னால நடந்து வந்துச்சாக்கும்?" என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டே போனாள். பதினெட்டு வருஷமாகத் தான் சுத்த சைவம் என்று சொல்லிக்கொண்டிருந்த தனுஷ்கோடி வாத்தியார், மாட்டின் இடது விலாவுக்குள் ஒரு பிரியாணிக் கடைக் கவரைப் பார்த்தார். அது கடை பேரோடு வெளியே பார்த்துக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து அவர் ரேஷன் கடைக்கு அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனார். ஜெயராணி, போன தீபாவளிக்குத் தொலைந்த தன் ஒற்றைக் கம்மலை அதற்குள் பார்த்துவிட்டு, "அய்யோ என் கம்மலு!" என்று கத்தினாள். "கூடவே உன் வீட்டு ஊசிப்போன சாம்பாரும் கெடக்கு, அதையும் கேட்டு வாங்கிக்க" என்றாள் அங்கம்மாள்.

நாலு நாளில் தெருவுக்குப் புதுப் பழக்கங்கள் வந்துவிட்டன. மயிலாவைக் கடக்கும்போது எல்லோரும் அதன் வலதுபக்கமாகவே போனார்கள். டீக்கடை பெஞ்சு வலதுபக்கம் நகர்ந்தது. யாரோ வெட்கம் தாங்காமல் ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து அதன் முதுகில் போர்த்தினார்கள். மத்தியானத்துக்குள் அந்தச் சேலையும் இடதுபக்கம் மட்டும் தண்ணீர் மாதிரி தெளிந்துவிட்டது. சாக்கு போட்டார்கள், சாக்கும் தெளிந்தது. பிறகு வெளியூரிலிருந்து பெண்கள் சூடம் கொண்டுவந்து காட்ட ஆரம்பித்தார்கள். "ஏத்தா, சூடம் காட்டுற கையால ஒரு வாளித் தண்ணி காட்டுங்க, அது காலையிலருந்து குடிக்கலை" என்று அங்கம்மாள் அவர்களை விரட்டினாள்.

பவளக்கொடி மட்டும் மயிலாவின் பக்கமே போகவில்லை.

அவள் முதல் நாளே பார்த்துவிட்டாள். மற்றவர்களெல்லாம் கவரின் நிறத்தைப் பார்த்தார்கள், கடை பேரைப் படித்தார்கள். பூக்கட்டுகிறவளுக்குக் கண் போனது முடிச்சில். ஊர்க் கவரெல்லாம் சும்மா திருகின கவர், தெருக் கவரெல்லாம் ஒற்றை முடிச்சுக் கவர். அவற்றுக்கு நடுவில், இரண்டு காதும் கோத்து, ஒரு சுற்று, ஒரு மடிப்பு, ஒரு இழுப்பு என்று, சரம் சரமாக, ஏழு வருஷத்துச் சரமாக, ஒன்றோடொன்று பின்னி, ஒரு பெரிய கதம்பம் மாதிரி மயிலாவின் வயிற்றை நிறைத்துக்கொண்டு கிடந்தவை அவள் கட்டினவை. ஒன்றுகூட அவிழவில்லை. மறுநாள் விடிந்ததும் பழக்கத்தில் கை தானாக மிச்சச் சோற்றை அள்ளிக் கவரில் போட்டு முடிச்சும் போட்டுவிட்டது. போட்ட முடிச்சைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். வைக்கவும் முடியவில்லை, வைக்காமல் இருக்கவும் பயமாக இருந்தது. வேண்டுதல் முறியுமே. கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அடுத்த நாளும் வைத்தாள். அதற்கு அடுத்த நாளும்.

நாலாம் நாள் வீரணன் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்ன பவளம், வீட்டுக்குள்ள எலி செத்துக் கெடக்கா, இல்ல உங்க அம்மா வந்துருக்காங்களா?" என்றான். மாமியாரைச் சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள், சண்டைக்கு வந்தால் சிரிப்பாள், அது அவன் கணக்கு. அவள் சண்டைக்கு வரவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து நாலு கவரையும் இழுத்து அவன் காலடியில் வைத்தாள். அவன் முடிச்சைப் பார்த்தான். பதினோரு வருஷமாக அந்தக் கை பூக்கட்டுவதைப் பார்க்கிறவனுக்கு விளங்காதா. அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"அங்கம்மாக்காகிட்ட போய்ச் சொல்லிரு."

"என்னன்னு சொல்ல? எனக்குப் புள்ளை வேணும்னு உங்க மாட்டுக்கு முடிச்சு முடிச்சாப் போட்டேன்னா? அதுக்குள்ள ஒரு கன்னு கெடக்குங்க. நான் பார்த்தேன். முகத்தை மடக்கிக்கிட்டு, எடமே இல்லாம கெடக்கு."

உண்மைதான். அந்த வாரக் கடைசியில் எல்லோரும் பார்த்தார்கள். கவர் மூட்டைக்கு அப்பால், வலதுபக்க ஓரமாக, சுருட்டி வைத்த ஈரத் துணி மாதிரி ஒரு கன்று. கண் மூடியிருந்தது. முன்னங்கால் இரண்டும் தாடைக்குக் கீழே. மூட்டை மெல்ல அசையும்போதெல்லாம் அது இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குப் போனது. பார்த்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். டீக்கடையில் ரேடியோவை நிறுத்தினார்கள். தெருவில் ஹாரன் அடிக்காமல் போக ஆரம்பித்தார்கள், உள்ளே ஒரு பிள்ளை தூங்குகிறதே என்று. பெண்கள் காலையில் வாசல் தெளிக்கும்போது, நேற்றைய கவரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, யோசித்து, பிரித்து, சோற்றை மட்டும் ஒரு ஓட்டுச் சில்லில் கொட்டினார்கள். ஆனால் மயிலா எதையும் தின்னவில்லை. தண்ணீரில் மூக்கை வைத்து எடுத்துக்கொண்டது. அசை போடுகிற வாய் நின்றுவிட்டது. அசை போடாத மாடு, மாலை சாத்தாத சாமி மாதிரி, பார்க்கவே நெஞ்சு திக்கென்றது.

அங்கம்மாள் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் எழில்மதியை வீரணனின் ஆட்டோவிலேயே கூட்டிவந்தாள். டாக்டரம்மா மயிலாவின் இடதுபக்கம் வந்து நின்றாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள், "நல்லதாப் போச்சு, ஸ்கேன் எடுக்கிற வேலை மிச்சம்" என்றாள். பிறகு காதில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"பெருவயிறு பூரா அடைச்சிருக்கும்மா. தீவனம் எறங்க வழியில்ல. வயித்தத் தொறந்து எல்லாத்தையும் எடுத்துரணும்."

"கன்னு?"

"பொய் சொல்ல மாட்டேன். கத்தி வச்சா கன்னு கலைஞ்சாலும் கலையலாம். வைக்கலன்னா இந்த அமாவாசைக்குள்ள ரெண்டும் போயிரும்."

தெய்வமாகிப்போன மாட்டில் கத்தி வைக்கலாமா என்று சூடம் காட்ட வந்தவர்களில் ஒருத்தர் இழுத்தார். அங்கம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் சூடத் தட்டோடு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், வேப்பமரத்தடியில் ஏழு கன்னிமாருக்கு முன்னாலேயே மயிலாவை நிறுத்தினார்கள். நின்ற வாக்கிலேயே மரத்துப்போக ஊசி போட்டாள் டாக்டரம்மா. கண்ணாடி வயிற்றில் கத்தி வைத்தால் ரத்தம் வருமா என்று தெருவே எட்டிப் பார்த்தது. வந்தது. எல்லா மாட்டுக்கும் வருகிற மாதிரி சிவப்பாகவே வந்தது. டாக்டரம்மா முழங்கை வரை உறை போட்டுக் கையை உள்ளே விட்டு, ஒரு கவரைப் பிடித்து இழுத்தாள். வெளியே இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே மூட்டை முழுக்க ஒரே உடம்பாக அசைந்தது. மயிலா அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தது. ஓரத்தில் கன்றின் கால் ஒருமுறை உதறியது.

டாக்டரம்மா சட்டென்று விட்டுவிட்டாள். "இது தனித்தனியா வராது. ஒண்ணோட ஒண்ணு கட்டிக்கிட்டு ஒரே கயிறா இருக்கு. இழுத்தா வயிறே கிழிஞ்சு வந்துரும். உள்ளுக்குள்ள வழுக்குது, கத்தரிக்கோல் விடவும் முடியாது." நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். "யாரும்மா போட்ட முடிச்சு இது? இதை அவுக்கத் தெரிஞ்ச கை வேணும்."

தெரு முழுக்க அவரவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பவளக்கொடி தன் கையைப் பார்த்தாள். வேப்பம்பூ ஒன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "நான் போட்டது டாக்டரம்மா" என்றாள். அங்கம்மாளின் முகத்தைப் பார்க்காமல், "மதினி, நான்தான் போட்டேன். ஏழு வருசமா நான்தான்" என்றாள்.

"தெரியும்டி" என்றாள் அங்கம்மாள். "உன் முடிச்சு எனக்குத் தெரியாதா? என் மக கல்யாணத்துக்கு மாலை கட்டுனவ நீ. மொத நாளே தெரியும்."

"ஏன் மதினி சொல்லலை?"

"சொன்னா, மாட்டை அவுத்து விட்டவ யாருன்னு அடுத்த கேள்வி வரும்ல? நாலு கட்டுப் புல்லு வாங்கிப் போடாம ஊருல மேஞ்சுட்டு வாடின்னு பத்திவிட்டவ நானு. வாயை மூடிக்கிட்டேன்." முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "போ. கையை விடு" என்றாள்.

கைக்கு வளையல் ஆகாது என்றாள் டாக்டரம்மா. கட்டுக்கழுத்தி வெறுங்கையாக நிற்பதா என்று நாலு பேர் வாய்க்குள் முனகினார்கள். பவளக்கொடி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கண்ணாடி வளையல் பன்னிரண்டையும் வீரணன் வாங்கி, வைக்க இடம் தெரியாமல், தன் மணிக்கட்டில் ஏற்றப் பார்த்து, ஏறாமல், இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். சோப்புப் போட்டுத் தோள் வரை கழுவி, அவள் கையை உள்ளே விட்டாள்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பூக்கட்டுகிறவளுக்குக் கண் எதற்கு, மார்க்கெட்டில் கரண்ட் போன நாளெல்லாம் அவள் விரல்தானே பார்த்தது. முதல் முடிச்சு அகப்பட்டது. இழுப்பைத் தளர்த்தி, மடிப்பை விரலால் நிமிர்த்தி, சுற்றைத் திருப்பிச் சுற்றி, காதை விடுவித்தாள். "விட்டுரு தாயே" என்றாள். கவர் தனியாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, அதனோடு போன மாசி மாதத்துக் காலை ஒன்று வந்தது, அன்றைக்கு வைத்த கத்திரிக்காய்க் குழம்பின் வாசத்தோடு. அடுத்த முடிச்சு. "விட்டுரு தாயே." அதில் மதுரையில் போய் ஊசி குத்திக்கொண்டு திரும்பின நாள் இருந்தது, பஸ்ஸில் அவள் தலையைச் சாய்த்திருந்த ஜன்னல் கம்பியின் துரு வாசத்தோடு. அடுத்ததில் நாத்தனார் வளைகாப்பு, இவளைத் தள்ளி நிற்கச் சொன்ன வளைகாப்பு, அந்தக் கட்டுச்சோற்றுப் புளி வாசம். அடுத்ததில் நாள் தள்ளிப்போய், வீரணன் பலகாரம் வாங்கி வந்து, பத்தாம் நாள் ஒன்றுமில்லாமல் போன வியாழக்கிழமை. ஒவ்வொன்றாக, நாளுக்கு ஒன்றாக, தான் கட்டின வேண்டுதலையெல்லாம் தானே அவிழ்த்து, உசிரு தங்கட்டும் என்று கட்டினதையெல்லாம் உசிரை விட்டுரு என்று அவிழ்த்து, கை சோர்ந்தபோது மறு கையை விட்டு, அது சோர்ந்தபோது முதல் கைக்கு மாறி, உச்சிப்பொழுது வரை நின்றாள். டாக்டரம்மா மறுபடி ஊசி போட்டாள். அங்கம்மாள் மயிலாவின் தாடையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, அதன் காதுக்குள் ஏதோ பேசிக்கொண்டே நின்றாள். தெருவில் ஒருத்தரும் வேலைக்குப் போகவில்லை. இடதுபக்கம் வராமல் வலதுபக்கமாகவே போய்க்கொண்டிருந்தவர்களெல்லாம் இப்போது இடதுபக்கம் வந்து நின்று, வந்து விழுகிற கவரை ஆளுக்கொன்றாக வாங்கி வாங்கிப் பின்னால் கொடுத்தார்கள்.

கடைசியாக அடியில் ஒன்று இருந்தது. சின்ன மஞ்சள் கவர். அவிழ்க்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதல் வெள்ளிக்கிழமை, கன்னிமாருக்கு வைத்த சர்க்கரைப் பொங்கலில் ஒரு கை எடுத்துக் கட்டினது. கட்டும்போது அவள் சிரித்துக்கொண்டே கட்டியிருந்தாள், இன்னும் பத்து மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று. அந்த முடிச்சைத் தொட்டபடி ரொம்ப நேரம் நின்றாள். அப்போது, வயிற்றுச் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து, ஒரு சின்னக் குளம்பு அவள் புறங்கையை முட்டியது. ஒருமுறை முட்டி நின்று, மறுபடியும் முட்டியது.

"விட்டுரு தாயே" என்று சொல்லி அதையும் அவிழ்த்தாள்.

டாக்டரம்மா தையல் போட்டு முடித்தபோது, மூச்சு விட்டால் கண்ணாடி மங்குகிற மாதிரி, மயிலாவின் வயிறு ஓரத்திலிருந்து மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. கடைசியாகக் கன்றின் மூடின கண் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. சாம்பல் வெள்ளை மயிரும் மழித்த தோலும் தையலும்தான் இருந்தது. வேப்பமரத்தடியில் கவர் குவியல் ஒரு ஆள் உயரத்துக்குக் கிடந்தது. யாரும் வெட்கப்படவில்லை. வெட்கப்படுகிற இடத்தைத் தாண்டிவிட்டார்கள். தனுஷ்கோடி வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குவியலுக்குள் குனிந்து, பிரியாணிக் கடைக் கவரைத் தானே எடுத்து, "இது என்னோடதுதான். வீட்டுல தெரியாமத் தின்னேன், தெருவுக்குத் தெரியாம இருக்கட்டும்னு கட்டிப் போட்டேன்" என்றார். ஜெயராணிக்குக் கம்மல் கிடைத்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, கழுவி, டாக்டரம்மாவின் மருந்துச் செலவுக்குத் தெருவில் காசு சேர்த்துக்கொண்டிருந்த தட்டில் போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மயிலா அசை போட்டது. தெருவே நின்று அந்த வாய் அசைவதைப் பார்த்தது. வீரணன் ஆட்டோவில் பிரயாணிகள் இருந்தார்கள், அவர்களையும் இறக்கிப் பார்க்கச் சொன்னான்.

சித்திரை பிறந்து பத்து நாள் கழித்து, கோயில் உச்சிக்கால மணி அடிக்கும்போது, கன்று விழுந்தது. கிடேரி. கொஞ்சம் சின்னது, ஆனால் விழுந்த கால் மணி நேரத்தில் எழுந்து நின்றது. அதன் இடது விலாவில் ஒரு சுழி இருந்தது. மாட்டுத் தரகர் வந்து பார்த்துவிட்டு, இரண்டு காது கோத்து ஒரு சுற்றுச் சுற்றின மாதிரி இப்படியொரு சுழி தன் அனுபவத்தில் இல்லை, ராசியா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை என்றார். "ஒனக்குத் தெரியலைன்னா போ, எங்களுக்குத் தெரியும்" என்று அங்கம்மாள் சொல்லிவிட்டு, எதிர்வாசலைப் பார்த்து, "ஏண்டி பவளம், வந்து பிடிடி, ஈரம் துடைக்க ஆள் வேணும்" என்று கூப்பிட்டாள். பவளக்கொடி வைக்கோலால் அதன் முகத்தைத் துடைத்தாள். அது அவள் வளையலை நக்கிப் பார்த்தது.

இப்போதும் அவள் தினமும் பசியாற்றுகிறாள். அலுமினியத் தட்டில் சோற்றையும் தோலையும் விரித்துப் போட்டு, தின்று முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் தட்டோடு வருகிறாள். அங்கம்மாள் மாட்டைக் கட்டிப் போட்டுப் புல் வாங்குகிறாள், புல் விலையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே வாங்குகிறாள். தெருவில் இன்னும் ஒன்றிரண்டு வீட்டில் கட்டித்தான் போடுகிறார்கள். யார் கண்ணில் பட்டாலும் பிரித்துக் கொட்டிவிட்டுப் போகிறார்கள்.

"பவளக்கொடிக்கு அப்புறம் பிள்ளை பிறந்துச்சா?" என்று நான் மரியபுஷ்பத்தைக் கேட்டேன். கேட்ட பிறகு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மாதிரி நானும் கேட்டுவிட்டேனே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இல்லம்மா" என்றாள் அவள். "கன்னுக்குட்டி ராத்திரி பகலா அவ வாசல்லதான் கெடக்கு. அவ வேற ஒண்ணும் வேண்டிக்கிடலை." சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போனாள்.

என் கையில் அந்தக் கவர் அப்படியே இருந்தது. இரண்டு காதையும் கோத்து வைத்திருந்தேன், இழுக்கவில்லை. எத்தனை வருஷம், எத்தனை மாட்டுக்கு நான் இழுத்திருப்பேன் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். வெளியே போய் மரத்தடியில் இட்லியையும் தோலையும் ஒரு இலையில் கொட்டி வைத்துவிட்டு, வெறுங்கவரைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

உங்களிடமும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு உங்கள் வீட்டில் சோறு மிஞ்சினால், அதைக் கவரில் கட்டிப் போடாதீர்கள். கொட்டி வையுங்கள்.